யு-கி-ஓ! பார்க்கலாமா? எதிலிருந்து, எதுவரை, எதற்காக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்டு ஆட்டத்தை மையமாக வைத்த ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) வரிசையான யு-கி-ஓ! பற்றிப் பேச்செடுத்தால் போதும், நண்பர்களும் சொந்தக்காரப் பிள்ளைகளும் அதே பத்துப் பதினைந்து சந்தேகங்களைத்தான் கேட்பார்கள். பல வருடம் வாயால் சொன்ன பதில்களை இப்போது எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பாத்திரப் பெயர்கள் ஜப்பானிய மூலத்தில் உள்ளவை. ஆங்கில டப் பார்த்தவர்களுக்கு ஜோனௌச்சி என்றால் ஜோயி, மாலிக் என்றால் மரிக். முதல் தொடரின் முடிவைக் கடைசி இரண்டு பதில்களில் சொல்லிவிடுகிறேன். பார்க்கப் போகிறவர்கள் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.

யு-கி-ஓ!ன்னா எது? பேருக்குப் பின்னாடி ஏதேதோ போட்டு நிறைய இருக்கே?

பெரும்பாலானோர் சொல்வது 2000 ஏப்ரலில் டிவி டோக்கியோவில் தொடங்கி 2004 செப்டம்பரில் முடிந்த ‘டூயல் மான்ஸ்டர்ஸ்’ தொடரை. அதில் 224 எபிசோடுகள். கீழே ‘முதல் தொடர்’ என்று நான் சொல்வது இதைத்தான். அதன் பிறகு வரிசையாக ஜிஎக்ஸ் (180), 5டி'ஸ் (154), ஜெக்ஸல் (146), ஆர்க்-வி (148), வ்ரெயின்ஸ் (120) என்று 2019 வரை ஓடியது. 2020இல் செவன்ஸ், அது முடிந்ததும் கோ ரஷ். மொத்தம் ஆயிரம் எபிசோடைத் தாண்டும்.

பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நாயகன் வேறு, கதை வேறு. ஜிஎக்ஸும், அதற்கு வெகுகாலம் கழித்து 5டி'ஸும் முதல் தொடரின் உலகத்திலேயே நடக்கின்றன. மற்றவற்றில் தொடர்பு மெல்லியது, அல்லது இல்லவே இல்லை.

1998ல ஒண்ணு வந்துச்சாமே, கைபாவுக்குப் பச்சை முடியோட?

ஆமாம், நாயகன் யூகியின் பரம எதிரி கைபாவுக்கு அதில் பச்சை முடிதான். தோயே நிறுவனம் எடுத்தது, 27 எபிசோடுகள். ‘டூயல் மான்ஸ்டர்ஸ்’ அதன் தொடர்ச்சி இல்லை. வேறு தயாரிப்பு, வேறு குரல்கள். மூலக் கதையான மாங்காவின் (ஜப்பானியப் படக்கதையின்) தொடக்க அத்தியாயங்களைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு அது நல்ல துணை. மற்றவர்கள் விட்டுவிடலாம்.

கார்டு விக்கிறதுக்காக எடுத்த விளம்பரம்தானே இது? இதுல கதைன்னு என்ன இருக்கப் போகுது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்திருக்கிறேன். முதலில் வரிசையைச் சரி செய்துகொள்வோம். கசுகி தகாஹாஷி 1996இல் ஷோனென் ஜம்ப் வார இதழில் மாங்காவாக இதைத் தொடங்கியபோது கார்டு கதையின் மையமே இல்லை. வாரம் ஒரு விளையாட்டு, தோற்ற வில்லனுக்கு ஒரு தண்டனை, அவ்வளவுதான். அப்படி வந்த விளையாட்டுகளில் ஒன்றுதான் ‘மேஜிக் அண்ட் விசார்ட்ஸ்’ என்ற கார்டு ஆட்டம். அதைப் பற்றிக் கேட்டு வாசகர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. தகாஹாஷி அதைத் திரும்பக் கொண்டுவந்தார். பிறகு அதுவே கதையாகிவிட்டது. கோனாமி நிறுவனம் இன்றைய கார்டு விளையாட்டை வெளியிட்டது 1999இல். ஆக, கதை முதலில், கார்டு அடுத்து, நாம் பார்க்கும் அனிமே மூன்றாவது.

ஆனால் 2004க்குப் பிறகு நிலைமை தலைகீழ், இதை மறைக்கக் கூடாது. ஜிஎக்ஸுக்குப் பிறகு ஒவ்வொரு புதிய தொடரும் ஒரு புதிய சம்மன் முறையோடு, அதாவது அசுரனைக் களத்துக்கு அழைக்கும் முறையோடு, வந்தது. 5டி'ஸுக்கு சிங்க்ரோ, ஜெக்ஸலுக்கு எக்சீஸ், ஆர்க்-விக்குப் பெண்டுலம், வ்ரெயின்ஸுக்கு லிங்க். கடையில் எது வரப்போகிறதோ அதுதான் நாயகன் கையில் இருக்கும். அது தெரிந்தேதான் பார்க்கிறேன். கோயில் திருவிழாவில் போடும் நாடகத்துக்குக் கடைக்காரர் பணம் கொடுத்தார் என்பதற்காக நாடகம் பொய்யாகிவிடுவதில்லை. கொடுத்த கார்டை வைத்துக்கொண்டு கதாசிரியர் ஒரு மனிதனைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்பதுதான் என் அளவுகோல். கீழே வரும் பல பதில்கள் இந்த அளவுகோலில்தான் நிற்கின்றன.

எனக்கு ரூல்ஸ் ஒண்ணும் தெரியாது. புரியுமா?

புரியும். சின்ன வயதில் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டு ஆடியவர்களுக்கு அரை மணி நேரம் போதும். ஒவ்வொரு அசுரனுக்கும் ஒரு தாக்கும் எண் உண்டு, பெரிய எண் சின்ன எண்ணை அழிக்கும், வித்தியாசம் தோற்றவரின் உயிர்ப் புள்ளியில் கழியும். கவிழ்த்து வைத்த கார்டு எதிராளி எதிர்பாராத நேரத்தில் திறக்கும். பெரிய அசுரனைக் கொண்டுவரச் சின்ன அசுரர்களைப் பலி கொடுக்க வேண்டும். மீதியைப் பாத்திரங்களே ஒவ்வொரு முறையும் உரக்க விளக்கிவிடுவார்கள். சில நேரம் தேவைக்கு மேலேயே.

நான் நிஜமா கார்டு ஆடுறவன். முதல் சீசன்ல ஒரு ரூலும் இல்லையே, நிலாவைத் தாக்குறான், கோட்டையைக் கீழே தள்ளுறான்?

உண்மைதான். கஜிகி என்ற எதிராளியோடு ஆடும்போது யூகி நிலாவைத் தாக்கிக் கடல் நீரை வற்ற வைப்பான். இன்னோர் ஆட்டத்தில் பறக்கும் கோட்டையின் மிதவை வளையத்தை உடைத்து எதிராளியின் அசுரர்கள் மேலேயே விழ வைப்பான். நிஜ ஆட்டத்தில் இரண்டுக்கும் இடமில்லை. தொடக்கத்தில் உயிர்ப் புள்ளி 2000தான், பலி கொடுக்கும் விதியும் கிடையாது. பின்னால் புள்ளி 4000 ஆகிறது. நாம் மேசையில் ஆடுவது 8000 வைத்து.

காரணம் மேலே சொன்ன வரிசைதான். தகாஹாஷி அந்தப் பகுதியைப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு மாதிரி யோசித்து எழுதினார்: களம் இருந்தால் கடல் இருக்கும், கடல் இருந்தால் நிலா இருக்கும், நிலா இருந்தால் அதைத் தாக்கலாம். அடுத்த பெரிய போட்டியான ‘பேட்டில் சிட்டி’ பகுதி வரும்போது விதிகள் இறுகி, நிஜ ஆட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. விதி தெரிந்தவர்களுக்கு முதல் நாற்பது எபிசோடு எரிச்சலாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விதி தெரியாதவர்களுக்கு அதுதான் மிகவும் சுவாரசியமான பகுதி. ஒரு சிறுவன் கற்பனையால் ஜெயிக்கும் காட்சிகள் அதற்குப் பிறகு குறைந்துவிட்டன.

‘கார்டை நம்பு’ன்னு சொல்லிட்டுத் தேவையான கார்டையே எடுக்குறான். இது ஏமாத்து வேலை இல்லையா?

கதை எழுதுகிறவர் செய்யும் ஏமாற்று வேலை, சந்தேகமே இல்லை. அதனால் ஒரு டூயல் (இருவர் மோதும் கார்டு ஆட்டம்) நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, கடைசிக் கார்டை விட்டுவிட்டு மீதியைப் பார்க்கச் சொல்வேன். எடுத்துக்காட்டு, பெகாசஸ் என்ற வில்லனோடு நடக்கும் ஆட்டம். அவன் எதிராளியின் மனதைப் படிப்பவன். யூகியின் உடலில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: யூகி, அவனோடு இருக்கும் பாரோவின், அதாவது பழங்கால எகிப்திய மன்னனின், ஆவி. இருவரும் மாறி மாறி ஆடுகிறார்கள். ஒருவன் வைத்த கார்டு மற்றவனுக்கே தெரியாது. மனதைப் படிப்பவனுக்குப் படிக்க ஒன்றும் அகப்படுவதில்லை. அதிர்ஷ்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஜெயிக்க வைத்தது இருவருக்கும் நடுவே இருந்த நம்பிக்கை.

சரி, ஒரே ஒரு டூயல் பார்த்துட்டு முடிவு பண்றேன். எதைப் பார்க்கட்டும்?

‘டூயல் மான்ஸ்டர்ஸ்’ 22 முதல் 24 வரை. பெகாசஸின் கோட்டை உச்சியில் யூகியும் கைபாவும் மோதுகிறார்கள். கைபாவின் தம்பி மொகுபா உள்ளே சிறைப்பட்டிருக்கிறான், ஜெயித்தால்தான் கைபா உள்ளே போக முடியும். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் அவன் மதில் விளிம்பில் ஏறி நின்றுவிடுகிறான். இப்போது தாக்கினால் அதிர்வில் கீழே விழுவான். பாரோ தாக்கத் தயாராகிறான். யூகி உள்ளிருந்து தடுக்கிறான், ஆட்டம் கையை விட்டுப் போகிறது.

ஜெயித்தவன் கைபா, ஆனால் ஜெயித்த மாதிரி இல்லை. யூகிக்கோ தன் உடலிலேயே இருப்பவன் ஒரு உயிரைப் பறித்திருப்பான் என்ற அச்சம் வந்துவிடுகிறது. எந்தக் கார்டு எந்தக் கார்டை அழித்தது என்பது மறந்துபோகும், அந்த விளிம்பு மறக்காது. இந்த மூன்று எபிசோடும் ஒட்டவில்லை என்றால் மீதியும் ஒட்டாது. தயங்காமல் விட்டுவிடுங்கள்.

ஜப்பானிய ஒலியா, ஆங்கில டப்பா?

2001இல் அமெரிக்காவில் 4கிட்ஸ் நிறுவனம் கொண்டுவந்த டப்தான் பலருக்கும் முதல் அறிமுகம். கைபாவின் குத்தலான பேச்சில் அதற்கென்று ஒரு சுவை உண்டு, அதை வைத்தே வளர்ந்தவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் அதில் இழந்தது நிறைய. துப்பாக்கிகள் அழிக்கப்பட்டு அடியாட்கள் விரலை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். பண்டோரா என்ற எதிராளியோடு நடக்கும் ஆட்டத்தில் காலை நோக்கி வரும் ரம்பங்கள் வெறும் ஒளித் தட்டுகளாகிவிட்டன. சாவு வரும் இடங்களில் எல்லாம் ‘நிழல் உலகம்’ என்ற சொல் போடப்பட்டது. பின்னணி இசையும் வேறு. ஒசைரிஸ் என்ற எகிப்தியக் கடவுளின் பெயர்கொண்ட டிராகன், டப்பில் தயாரிப்பாளர் ஒருவரின் பெயரால் ‘ஸ்லைஃபர்’ ஆனது.

இதில் எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்றாலும், ஒரு கார்டின் பெயர் மாறியதால் முதல் தொடரின் முடிவே மங்கிப்போனது. அது கடைசிக் கேள்வியில். இன்னொன்று, ஜிஎக்ஸின் நான்காவது சீசனும் 5டி'ஸின் கடைசி எபிசோடுகளும் ஆங்கிலத்தில் டப் செய்யப்படவே இல்லை. முழுதாகப் பார்க்க சப்டைட்டில்தான் வழி.

224 எபிசோடுக்கு நேரமில்லை. ஃபில்லர் எது?

ஃபில்லர், அதாவது மாங்காவில் இல்லாமல் இடையில் சேர்த்த பெரிய பகுதிகள், மூன்று: 98 முதல் 121 வரை நோவாவின் மெய்நிகர் உலகம், 145 முதல் 184 வரை டோமா என்ற கூட்டத்தோடு மோதும் கதை, 185 முதல் 198 வரை கைபா நடத்தும் போட்டி. மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டலாம். முதலாவது, பேட்டில் சிட்டி இறுதிச்சுற்று சூடுபிடிக்கும் நேரத்தில் நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனாலும் கைபாவின் வளர்ப்புத் தந்தை பற்றி அங்கேதான் நிறையத் தெரிய வரும்.

டோமாவை மட்டும் தாண்டாதீர்கள் என்பேன். ஜெயித்தே பழகிய பாரோ, ஜெயிக்கும் வெறியில் செய்யக் கூடாததைச் செய்து, அதன் விலையாக யூகியை இழக்கிறான். நாற்பது எபிசோடு இழுத்திருக்கிறார்கள், பாதியில் முடித்திருக்கலாம். ஆனால் நாயகனின் தவறை இவ்வளவு நேரம் நிறுத்திக் காட்டிய பகுதி தொடரில் வேறில்லை.

அப்பா, சித்தப்பா யாராவது கேட்டா என்ன சொல்ல? எட்டு வயசுப் பையனுக்குக் காட்டலாமா?

எட்டு வயதுக்கு செவன்ஸ் சரியாக இருக்கும். வேகமான புதிய ‘ரஷ் டூயல்’ முறை, சிரிப்பு அதிகம், பயமுறுத்தும் காட்சிகள் குறைவு. ஜெக்ஸலும் பரவாயில்லை. முதல் தொடரைப் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல், அதுவும் மூல வடிவமாக இருந்தால் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. மாலிக் என்ற வில்லனின் முதுகில் எழுத்துகளைக் கத்தியால் கீறும் கதை அதில் வருகிறது.

கார்டு வாங்கித் தரச் சொல்லிப் பையன் நிற்பான், அது நிச்சயம். எந்தக் கார்டு உள்ளே இருக்கிறது என்று தெரியாத பொட்டலங்களை வாங்கிக்கொண்டே போகாமல், உடனே ஆடத் தயாராக அடுக்கிய ஒரு டெக்கை (கார்டுக் கட்டை) வாங்கிக் கொடுங்கள். இருவர் உட்கார்ந்து ஆட அது போதும்.

பைக் ஓட்டிக்கிட்டே கார்டு ஆடுற சீரிஸ் ஒண்ணு இருக்காமே, சிரிப்பா இருக்கு?

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். 5டி'ஸ் அது. மொத்த வரிசையிலும் கட்டுக்கோப்பாக எழுதப்பட்டது அதன் முதல் 64 எபிசோடுகள்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஒரு பக்கம் நியோ டோமினோ என்ற பளபளப்பான நகரம். கடலுக்கு அந்தப் பக்கம் அதன் குப்பை வந்து சேரும் ‘சாட்டிலைட்’. அங்கே வளரும் யூசெய், குப்பையில் கிடைத்த உதிரிகளைச் சேர்த்துத் தன் பைக்கைச் செய்கிறான். யாரோ தூக்கிப் போட்ட கார்டுகள்தான் அவன் டெக். போலீஸ்காரன் அதைப் பார்த்துக் கேலி செய்யும்போது, உதவாத கார்டு என்று ஒன்றில்லை என்கிறான். வெறும் வசனமாகப் போயிருக்கலாம். ஆனால் அவனுடைய ‘ஜங்க் வாரியர்’ கார்டைப் பாருங்கள்: களத்தில் அவன் பக்கம் இருக்கும் இரண்டாம் நிலை வரையுள்ள சின்ன அசுரர்கள் எல்லாருடைய பலமும் அதோடு சேர்கிறது. அவன் சொல்லும் அரசியலும் கார்டில் அச்சடித்த விதியும் ஒன்றே. மேலே சொன்ன அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று என்னிடம் இல்லை. விற்க வந்த கார்டுதான், கதை அதற்குள் குடியேறிவிட்டது.

65க்குப் பிறகு உலகப் போட்டி, எதிர்காலத்திலிருந்து வரும் எதிரிகள் என்று கதை விரிகிறது. முடிவு நன்றாகவே இருக்கிறது. ஆனால் சாட்டிலைட்டின் வறுமை பின்னால் போய்விட்டது, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஜிஎக்ஸ் ஸ்கூல் கதை, சின்னப் புள்ளைத்தனம்னு சொல்றாங்களே?

முதல் இரண்டு சீசனைப் பார்த்தவர்கள் சொல்வது. நாயகன் ஜூடாய் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்பவன், எதிராளி யாராக இருந்தாலும் சிரித்துக்கொண்டு ஆடுபவன். மூன்றாம் சீசன் அந்தச் சிரிப்பையே விசாரணைக்கு நிறுத்துகிறது. அவன் பின்னால் வந்த நண்பர்கள் ஒவ்வொருவராக அழிகிறார்கள், அவனே கொடுங்கோலனாகிறான். நான்காவதில் வளர்ந்துவிட்ட, களைத்த ஜூடாயைப் பார்க்கிறோம். ஆட்டத்தின் மகிழ்ச்சி அவனுக்குத் திரும்பக் கிடைக்குமா என்பதுதான் அங்கே கதை. நூறு எபிசோடு பொறுத்திருக்க வேண்டும், அது பெரிய விலைதான்.

ஆர்க்-வி பேரைச் சொன்னாலே ரசிகர்கள் ஏன் கோபப்படுறாங்க?

நேசித்தவர்கள் என்பதால். முதல் ஐம்பது எபிசோடு அருமை. அப்பாவைப் போல் சர்க்கஸ்காரனாக டூயல் ஆடி மக்களைச் சிரிக்க வைக்க நினைக்கும் யூயா, போர் நடக்கும் வேறு உலகங்கள் இருப்பதை அறிகிறான். அங்கே தோற்றவர்களைக் கார்டாக மாற்றிவிடுகிறார்கள். சிரிக்க வைப்பவனுக்குப் போரில் என்ன வேலை என்ற கேள்வி அங்கே எழுகிறது. நல்ல, கனமான கேள்வி.

பதில்தான் வரவில்லை. சிங்க்ரோ உலகத்திலேயே கதை நாற்பத்தைந்து எபிசோடுக்கு மேல் தங்கிவிடுகிறது. பழைய தொடர்களின் பாத்திரங்கள் வேறு வடிவில் வந்து இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள். யூயாவின் வளர்ச்சி முன்னே போய்ப் போய்ப் பழைய இடத்துக்கே திரும்புகிறது. பாதியில் நிறுத்தினாலும் நஷ்டமில்லை என்று நான் சொல்லும் ஒரே தொடர் இது.

பொண்ணுங்க ஏன் எப்பவும் ஓரமா நின்னு கைதட்டுறாங்க?

இந்த வரிசையின் பெரிய குறை இது, நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். முதல் தொடரில் மாய் தனியாக நின்று ஜெயிக்கத் தெரிந்தவளாக வந்து, மாலிக்கிடம் தோற்ற பிறகு அந்தக் காயத்தை மட்டுமே சுமக்க விடப்படுகிறாள். 5டி'ஸில் அகி முதல் பாதியின் வலிமையான பாத்திரங்களில் ஒருத்தி, இரண்டாம் பாதியில் ஆட வாய்ப்பே அரிது. வ்ரெயின்ஸில் அஓய் தோற்பதற்காகவே நிறுத்தப்படுவது போல் ஒரு கட்டத்தில் தோன்றிவிடும்.

வ்ரெயின்ஸைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?

குழந்தையாக இருந்தபோது கடத்தப்பட்டு, ஆறு மாதம் தனி அறையில் அடைக்கப்பட்டு டூயல் ஆட வைக்கப்பட்டவன் யூசாகு. எதற்கும் மூன்று காரணம் சொல்லும் பழக்கம் அவனுக்கு உண்டு. முதலில் ஒரு பாணி போலத் தெரியும். அந்த அறையில் ஒரு குரல், உயிரோடு இருக்க மூன்று விஷயங்களை நினைத்துக்கொள் என்று சொன்னது பிறகு தெரியும்போது அந்தப் பழக்கம் வேறு மாதிரி கேட்கும். பழைய காட்சிகளைத் தொகுத்துப் போடும் எபிசோடுகள் அதில் ஏராளம். அவற்றைத் தாண்டிப் பாருங்கள்.

2016ல வந்த படத்தை சீரிஸ் பார்க்காமப் பார்க்கலாமா?

முடிவு வெளிப்படும் இடம் இங்கே தொடங்குகிறது.

வேண்டாம், முதல் தொடரை முடித்துவிட்டே ‘தி டார்க் சைட் ஆஃப் டைமன்ஷன்ஸ்’ படத்துக்குப் போங்கள். கதை தகாஹாஷியுடையது. பாரோ ஆட்டெம் மறுமைக்குப் போய்விட்டான் என்பதைக் கைபாவால் ஏற்க முடியவில்லை, அதுதான் படம். ஒரு குழப்பத்தை மட்டும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். அனிமேவில் யூகிக்கும் ஆட்டெமுக்கும் நடக்கும் கடைசி டூயலைக் கைபா நேரில் நின்று பார்க்கிறான். மாங்காவில் அவன் அங்கே இல்லை. படம் மாங்காவைப் பின்பற்றுகிறது. விடைபெறாமல் போன எதிரிக்காக ஒருவன் படும் பாடு என்று பார்த்தால்தான் கைபாவின் வெறி புரியும்.

கடைசி டூயல் பார்த்து எல்லாரும் அழுதாங்களாம். எனக்கு ஒண்ணும் தோணலையே, ஏன்?

டப்பில் பார்த்திருப்பீர்கள். 220 முதல் 224 வரை வரும் அந்த ஆட்டத்தில் யூகி ஜெயித்தால் ஆட்டெம் இறந்தவர்களின் உலகத்துக்குப் போகலாம், தோற்றால் இங்கேயே இருப்பான். மூன்று கடவுள் அசுரர்களையும் யூகி வீழ்த்திவிடுகிறான். ஆட்டெம் ஒரு கார்டை எடுத்து, வீழ்ந்த கடவுளைத் திரும்ப எழுப்பப் பார்க்கிறான். ஆனால் யூகி முன்கூட்டியே ஒரு பொற்பெட்டிக்குள் ஒரு கார்டை வைத்து மூடியிருந்தான். உள்ளே வைத்த கார்டின் சக்தியை எதிராளி பயன்படுத்த முடியாது. பெட்டி திறக்கிறது, அதே கார்டு.

ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘மான்ஸ்டர் ரீபார்ன்’, அசுரனின் மறுபிறப்பு. ஜப்பானியத்தில் ‘ஷிஷா சொசெய்’, இறந்தவரை உயிர்ப்பித்தல். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்த நண்பனிடம், இறந்தவர்கள் திரும்பி வரக் கூடாது என்று யூகி சொல்ல வேண்டியிருக்கிறது. வாயால் சொல்ல அவனால் முடியவில்லை, அந்தக் கார்டைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டான். ஆட்டெமுக்கு அது உடனே புரிகிறது. அந்த எபிசோடை மட்டும் ஜப்பானிய ஒலியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஜெயித்தவன் மண்டியிட்டு அழுவதும், தோற்றவன் வந்து அவனை எழுப்பி நிறுத்துவதும் அதற்குப் பிறகுதான் வருகிறது.